பால் பாத்திரத்தில் கொதித்த கிரீஸ்

அடுப்பில் பால் காய்ச்சும் பாத்திரம். உள்ளே பால் இல்லை, வெறும் தண்ணீர்தான். தளதளவென்று கொதிக்கிறது. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கரண்டிக் காம்பால் நெல்லிக்காய் அளவு கிரீஸைத் தோண்டி அந்தத் தண்ணீரில் போடுகிறேன்.

ஆமாம், கிரீஸ்தான். மோட்டார் காருக்குப் போடுகிற கிரீஸ். என் மாமியார் இருந்திருந்தால் அன்றைக்கே என்னைப் பிறந்த வீட்டுக்கு பஸ் ஏற்றியிருப்பார்.

போட்ட உருண்டை முதலில் சும்மா மிதந்தது. அடுத்த நிமிடம் ஓரம் கரைந்தது. கரண்டியால் ஒரு கலக்கு கலக்கினேன். தண்ணீர் வெளுத்து, நுரைத்து, அசல் பாலாகவே ஆகிவிட்டது. நான் டப்பாவின் மூடியை எடுத்து இன்னொரு முறை படித்தேன். 'வாட்டர் பம்ப்' என்று தெளிவாக எழுதியிருந்தது. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாத்திரத்தில் தண்ணீர் வெளுத்ததற்கு ஒரு பெண்பிள்ளை ஏன் கதவைச் சாத்த வேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

துரையும் களியும்

அப்போது நாங்கள் பாகலூரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே எல்.எம்.பி. டாக்டர். ஊரே அவரை டாக்டர் என்றதால் இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன். மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு டீக்கடைகளில் ஓடிக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்தில் ஒரே ஆள் காலையில் தெலுங்கு, மத்தியானம் கன்னடம், சாயந்திரம் தமிழ் பேசுவார். யாரை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்று சிரித்துக்கொள்வோம்.

சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு நோயாளி பார்க்கப் போக டாக்டரிடம் ஒரு கார் இருந்தது. அப்போதே முப்பது வயதைத் தொட்ட திறந்த கார். துணிக்கூரை, மரச் சட்டம் போட்ட சக்கரம், பித்தளை விளக்குகள். முதலில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் இருந்ததால் அதற்கு எங்கள் வீட்டில் 'துரை' என்று பெயர். துரை நன்றாக ஓடினால் "துரை மனசு வெச்சார்" என்போம். ஆவி கக்கினால் "துரைக்குக் கோபம்" என்போம்.

வெள்ளைக்காரரிடமிருந்து அது பாகலூர் முனிரெட்டியிடம் வந்தது. நிலபுலன் உள்ளவர், தங்கமான மனிதர். ஒருநாள் ரேடியேட்டர் ஒழுகியிருக்கிறது. கொஞ்சம் மாவு போட்டால் ஓட்டை அடைபடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சீமையில் மாவென்றால் வேறென்ன மாவு? இரண்டு கை கேழ்வரகு மாவை அள்ளிப் போட்டுவிட்டார்.

முதல் மைலில் ஒழுகல் நின்றது. மூன்றாம் மைலில் வண்டியே நின்றது.

மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே நன்றாக வெந்த களி. "கீரைக் கொழம்பு ஒண்ணுதான் பாக்கிம்மா" என்று அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் துரையை எங்கள் தலையில் கட்டினார்.

ஏரிக்குள்ளே ஒரு டிரைவர்

எனக்கு அந்தக் கார் மேல் கொள்ளைப் பிரியம். கலியாணமாகி வந்த இரண்டாம் வருஷக் கோடையில் ஏரி வற்றிக் கிடந்தது. டாக்டர் விளையாட்டாக என்னை உட்காரவைத்து ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். நான்கே நாளில் ஏரியைச் சுற்றி வட்டமடித்தேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் மாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எனக்கு லைசென்ஸ் ஆசை பிடித்துக்கொண்டது.

டாக்டர் சம்மதிக்கவில்லை.

"ஏரிக்குள்ள எவ்வளவு வேணா ஓட்டு எஸ்தர். ரோட்டுல வேண்டாம். ஜனங்க என்ன பேசும்?"

"ஜனங்க பேசறதுக்கா லைசென்ஸ் கேக்கறேன்? நான் ஓட்டறதுக்குக் கேக்கறேன்."

நான்கு வருஷம் இதே பேச்சு, இதே பதில். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக நான் வேறு எதையும் கேட்டதில்லை. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். கோபம் எனக்கு மூக்கின் நுனியில் இருக்கும். இந்தக் கதையே அந்தக் கோபத்தால் வந்ததுதான்.

பெங்களூர்க் கடையில் ஒரு விசாரணை

துரையின் எஞ்சினுக்குத் தண்ணீரைச் சுற்றி அனுப்ப ஒரு பம்ப் உண்டு. பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் கயிறு சுற்றி இறுக்கியிருக்கும். அதன் மேல் சின்னதாக ஒரு பித்தளைக் கிண்ணி, திருகு மூடியோடு. கிண்ணியில் கிரீஸை அடைத்துத் தினமும் அரைத் திருகு கொடுத்தால் கிரீஸ் உள்ளே இறங்கும். தண்டும் தேயாது, தண்ணீரும் ஒழுகாது. இப்போதைய கார்களில் இதெல்லாம் கிடையாது, கொடுத்துவைத்தவர்கள்.

அதுவரை டாக்டர் கையில் கிடைத்த கிரீஸையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தார். பம்ப் ஒழுக ஆரம்பித்ததும் ஓசூர் மெக்கானிக் நஞ்சப்பா, "பம்புக்குன்னு தனி கிரீஸ் இருக்குது சார், பெங்களூர்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டார். உடனே கிளம்பினோம். எனக்கு அது திருவிழாவுக்குப் போகிற மாதிரி.

சந்தைப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. டாக்டர் கடைக்காரரை நோயாளியைக் கேட்பது போலக் கேட்டார். சூட்டில் இளகுமா? கொதிக்கிற தண்ணீரில் கரையுமா? எத்தனை நாளில் காயும்? கடைக்காரர் சலிக்காமல் இரண்டு பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்து எங்கள் விரலில் தடவினார்.

"இது வீலுக்கு. எவ்வளவு சுத்தினாலும் விட்டுப் போகாது. ஆனா தண்ணி பட்டா சோப்பு மாதிரி கரைஞ்சிடும். இது பம்புக்கு. தண்ணியோட ஒட்டவே ஒட்டாது."

இரண்டும் ஒரே வெல்ல நிறம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். வீலுக்கும் சேர்த்தே வாங்கினோம். இரண்டையும் ஒரே மாதிரி வெறுந்தகர டப்பாக்களில் அடைத்து, மூடிகளின் மேல் சீட்டு ஒட்டி, கொசு எழுத்தில் 'வாட்டர் பம்ப்', 'வீல்' என்று எழுதிக் கொடுத்தார். டப்பாவின் உடம்பில் ஒரு எழுத்தும் இல்லை.

ஜூஜுவாடியில் ஒரு கம்பி

அந்தக் காலத்தில் மைசூர் ராஜ்ஜியத்தில் குடிக்கலாம், எங்கள் பக்கம் மதுவிலக்கு. அத்திப்பள்ளி தாண்டி ஜூஜுவாடிக்குள் நுழைந்ததும் வண்டியை நிறுத்திச் சோதனை போடுவார்கள். வைக்கோல் வண்டியா, கம்பியால் குத்து. பூசணிக்காயா, கம்பியால் குத்து. பாட்டிலில் மோதினால் 'டங்' என்று கேட்கும்.

ஒரு போலீஸ்காரர் எங்கள் டப்பாக்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"கிரீஸ்."

"ரெண்டு டப்பா எதுக்கு?"

"ஒண்ணு வீலுக்கு, ஒண்ணு பம்புக்கு."

அவர் நம்பவில்லை. டாக்டர் மனைவி பம்பைப் பற்றிப் பேசினால் சந்தேகம் வரத்தானே செய்யும்? இரண்டு மூடிகளையும் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைச் செருகினார். பூசணிக்காயில் போய் வந்த கம்பி. புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தது. அவ்வளவு விசாரித்து வாங்கிய கிரீஸில் மண்ணா! எனக்கு வந்ததே கோபம்.

"அதுக்குள்ள பாட்டில் இருந்தா நானே குடிச்சுக் காட்டறேன். கம்பிய எடுங்க!" என்று டப்பாக்களைப் பிடுங்கி, படார் படார் என்று மூடிகளை அறைந்து மூடினேன். போலீஸ்காரர் சிரித்துவிட்டார். டாக்டர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பாகலூர் வரும்வரை வாய் ஓயாமல் பொருமிக்கொண்டே வந்தேன்.

பேரிகை ரோட்டில்

மறுநாள் டாக்டர் கிண்ணியைத் துடைத்து, புது கிரீஸை அடைத்தார். சாயங்கால வெளிச்சத்தில் மூடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்து, சரியான டப்பாதானா என்று பார்த்துத்தான் அடைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

பத்து நாள் இருக்கும். பேரிகைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிரசவ வலி என்று ஆள் வந்தது. டாக்டர் காரை எடுத்துக்கொண்டு ஓடினார். பாதி வழியில் துரை ஆவி கக்கி நின்றுவிட்டது. அவர் மாட்டு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தது. தாயும் சுகம். வீட்டுக்காரர்கள் "மாடு ஜெயிச்சிடுச்சு டாக்டரே" என்று கேலி செய்து, மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

அவரால் சிரிக்க முடியவில்லை. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டுக்கு வந்து இரண்டு முறை கேட்டார்.

நஞ்சப்பா வந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே மோர் மாதிரித் தண்ணீர். விரலை விட்டு எடுத்து, தேய்த்துப் பார்த்தார்.

"அய்யோ சாமி! பம்புல வீல் கிரீஸ் யாரு போட்டது? தண்ணியில கரைஞ்சு கொழாயெல்லாம் அடைச்சிருக்குது, நோடிம்மா" என்று என்னிடம் விரலைக் காட்டினார்.

"நான் மூடியைப் படிச்சுட்டுத்தானே போட்டேன்" என்றார் டாக்டர். பிறகு மெதுவாக, "படிச்சேன்னுதான் நெனைக்கறேன்" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அந்த வெளிச்சத்துல கொசு எழுத்தைப் படிச்சா அப்படித்தான் ஆகும். கண்ணாடி போடுங்கன்னு எத்தனை நாளா சொல்றேன்?" என்றேன்.

அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அவருடைய அப்பா ஐம்பதுக்குள் பார்வை இழந்தவர். அதை நான் அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கவில்லை.

நஞ்சப்பா சலவைச் சோடாவும் சுடுதண்ணீரும் விட்டு ரேடியேட்டரைக் கழுவினார். கயிற்றை மாற்றி, தன்னிடமிருந்த கிரீஸைக் கொஞ்சம் வைத்து வண்டியை ஓடவைத்தார். போகும்போது, "சந்தேகம் வந்தா ஒரு சிட்டிகை எடுத்துக் கொதிக்கிற தண்ணியில போட்டுப் பாருங்க. பால் ஆனா அது பம்புக்கு பேடா, வேண்டாம். உருண்டை உருண்டையாவே கெடந்தா அதுதான் சரி" என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் டாக்டர் சொன்னார்: "எஸ்தர், நீ லைசென்ஸ் எடுத்துடு. இனிமே நீ ஓட்டு. என் கண்ணை நம்பி நான் ஸ்டியரிங்ல உக்கார மாட்டேன்."

நான்கு வருஷம் கேட்டது! எனக்கு அவர் கண்ணைப் பற்றிக் கவலைப்படக்கூடத் தோன்றவில்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறு வாரமே துரைக்கு எல் போர்டு மாட்டினோம்.

மறுபடியும் அடுப்படி

லைசென்ஸ் கொடுக்கிற இன்ஸ்பெக்டர் கிருஷ்ணகிரிக்கு வருகிற நாளும் தெரிந்துவிட்டது. அவ்வளவு தூரம் போவதற்கு முன் கிண்ணியை நிரப்ப வேண்டும். "நீயே பாத்துப் போடு" என்று டாக்டர் ஒதுங்கிக்கொண்டார். சரி, எதற்கும் நஞ்சப்பா சொன்ன பரிட்சையைச் செய்துவிடலாம் என்றுதான் அடுப்பை மூட்டினேன்.

'வாட்டர் பம்ப்' மூடி போட்ட டப்பாவின் கிரீஸ் பாலாகிவிட்டது என்று சொன்னேன் இல்லையா? பாத்திரத்தைக் கழுவி, வேறு தண்ணீர் வைத்து, 'வீல்' டப்பாவிலிருந்து ஒரு உருண்டை போட்டேன். கொதி, கொதி என்று கொதித்தது. உருண்டை உருண்டையாகவே கிடந்தது. தண்ணீரைக் குடிக்கலாம் போல இருந்தது.

என் மடியில் கிடந்த இரண்டு மூடிகளும், படார் படார் என்று நான் அறைந்த சத்தமும் அப்போது ஞாபகத்துக்கு வந்தன. அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். மூடிகளை மாற்றிப் போட்டவள் நான்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாசல் வரைக்கும் போனேன். சொன்னால் என்ன ஆகும்? அவர் கண் நன்றாக இருக்கிறது, அவரே ஓட்டுவார், நான் பழையபடி ஏரிக்குள் வட்டமடிக்க வேண்டும். திரும்பி வந்து மூடிகளைச் சரியாக மாற்றிப் போட்டுவிட்டுப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. பகலில் ரோட்டில் ஓட்டிப் பழகினேன், அது சொர்க்கம். வீட்டுக்கு வந்தால் நெஞ்சில் முள். ஏனென்றால் டாக்டர் கைவிட்டது காரை மட்டுமல்ல. மருந்துப் பாட்டிலைக் கம்பவுண்டரிடம் நீட்டி "என்ன எழுதியிருக்கு பாரு" என்று கேட்க ஆரம்பித்தார். அடுத்தவர்களின் கண்ணைப் பரிசோதிக்கிறவருக்குத் தன் கண்ணைக் காட்டப் பயம். பெங்களூர் டாக்டரிடம் போகலாம் என்று நானும் சொல்லவில்லை. போனால் உண்மை தெரிந்துவிடுமே!

கிருஷ்ணகிரி போவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு அம்மா, காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையோடு வந்தாள். ஊசி போட வேண்டும். டாக்டர் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், மருந்தின் அளவுக் கோட்டைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"பெங்களூருக்கு எடுத்துட்டுப் போம்மா. எனக்கு அளவு சரியாத் தெரியல."

அந்த அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கோட்டை மலையடியில்

அப்படியும் உடனே சொல்லவில்லை, கோழை நான். கிருஷ்ணகிரியில் கோட்டை மலையடிவாரத்து மைதானத்தில், எனக்கு முன்னால் ஒரு லாரிக்காரர் பரிட்சை கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் வாய் திறந்தது.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"கிளட்சை முழுசா அமுக்கு. பதறாத. அவ்வளவுதான்."

"அது இல்லீங்க. உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. ஜூஜுவாடியில மூடியை மாத்திப் போட்டவ நான்தான். மூடியில எழுதினதை நீங்க சரியாத்தான் படிச்சீங்க."

அவர் என்னையே பார்த்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"பதினஞ்சு நாளாச்சு. அடுப்புல போட்டுப் பாத்தேன்."

"பதினஞ்சு நாளா?" என்றார். "அந்தக் குழந்தைய பஸ்ஸுல அனுப்பினேனே எஸ்தர்!"

"இன்ஸ்பெக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேங்க. திரும்பிடலாம். நீங்களே ஓட்டுங்க."

அவர் மைதானத்தின் மறுகோடிக்கு நடந்து போய்விட்டார். அதற்குள் இன்ஸ்பெக்டர் என் பெயரைக் கூப்பிட்டார்.

எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். முன்னால் போ என்றார், போனேன். பின்னால் வா என்றார், வந்தேன். மேட்டில் நிறுத்தி எடு என்றார், துரை ஒரு அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. கடைசியில் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி, பித்தளைக் கிண்ணியைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார்.

என்னைப் போய் அதைக் கேட்டாரே! வீல் கிரீஸ் ஏன் கூடாது, தண்ணீர் எப்படிப் பாலாகும், குழாய் எப்படி அடைக்கும், அரைத் திருகா முழுத் திருகா என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது. அந்த மனிதர் பயந்துவிட்டார்.

"போதும்மா, போதும்! பாஸ்தான், அழாதீங்க" என்றார்.

ஓசூர் ரோட்டில்

டாக்டர் திரும்பி வந்தார். "என்ன சொன்னார்?"

"பாஸ்."

"ம்" என்று இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் ஓட்டினேன். மூன்று மைல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். "நாளைக்குக் காலையில மொதல்ல அந்தக் குழந்தை வீட்டுக்குப் போகணும்" என்றார். "போலாங்க" என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திடீரென்று, "ஓசூர் இருபத்தெட்டு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கண்ணுக்கெட்டாத தூரத்தில் ரோட்டோரம் வெள்ளையாக ஏதோ ஒரு புள்ளி. பக்கத்தில் போனதும்தான் மைல்கல் என்று தெரிந்தது. ஓசூர் இருபத்தெட்டு என்றே எழுதியிருந்தது.

"இருபத்தேழு" என்றார் அடுத்தது வருவதற்கு வெகு முன்னாலேயே. எதிரே வந்த பஸ்ஸின் நம்பரைச் சொன்னார். ஒரு கடைப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். குரல் ஏறிக்கொண்டே போனது. "தந்திக் கம்பியில ஏழு குருவி! இல்ல எட்டு, ஒண்ணு பின்னாடி ஒளிஞ்சிருக்கு!" என்று சீட்டிலிருந்து எழுந்தே விட்டார். மலையேற்றம் முழுக்க அப்படித்தான் வந்தார். ஆடு, ஆட்டின் கழுத்து மணி, பாறைமேல் யாரோ கரியால் கிறுக்கிய பெயர், ஒன்றையும் விடவில்லை. நான் சிரித்தேன், அழுதேன், கியர் மாற்றினேன்.

சூளகிரியில் நிறுத்தி இறங்கினேன். ரேடியேட்டர் தண்ணீர் தெளிவாக இருந்தது. கிண்ணிக்கு அரைத் திருகு கொடுத்துவிட்டு, அவர் பக்கம் வந்து கதவைத் திறந்தேன்.

"நீங்க ஓட்டுங்க. உங்க வண்டி."

அவர் நகரவில்லை. சூளகிரி மலையின் மூன்று உச்சிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே ஓட்டு எஸ்தர்" என்றார். "எனக்கு வேடிக்கை பாக்க நெறைய கெடக்கு."